மறுமொழி: ஃபிளேர், சிஎம்இ, புயல் – மூன்றுக்கும் ஒரே சொல்லா?

> 'சூரியப் புயல்' என்றே வைத்துக்கொள்வோமே. நாளிதழ்களில் வேரூன்றிவிட்ட சொல், மாற்றுவானேன்?

நம் வானியல் சொற்பட்டியலுக்குத் தமிழ்ச் சொல் தேடும்போது, அது வேரூன்றியதுதான் சிக்கல், ஐயா. சூரியனில் திடீரென வெடிக்கும் கதிர்வீச்சு (ஃபிளேர்), சூரியன் வீசும் மின்னூட்டத் துகள் மேகம் (சிஎம்இ), அது மோதிப் புவியின் காந்தப்புலம் குலைவது (புவிக்காந்தப் புயல்) என்ற மூன்று வெவ்வேறு நிகழ்வுகளுக்கு நாளிதழ்கள் அந்த ஒரே சொல்லைப் போடுகின்றன. துருவ ஒளிக்காக (அரோரா) காத்திருப்பவர் அதை நம்பினால் இரவுத் தூக்கம்தான் வீண்.

2024 மே மாதத்தையே பாருங்கள். சூரியனில் 3664 என்று எண்ணிட்ட கரும்புள்ளிக் கூட்டத்தில் எக்ஸ் வகை (மிக வலிய வகை) ஃபிளேர்கள் அடுத்தடுத்து வந்தன. ஃபிளேர் என்பது வெறும் கதிர்வீச்சு. எட்டு நிமிடச் சொச்சத்தில் இங்கே வந்துவிடும். பகலாக இருக்கும் பக்கத்தில் சிற்றலை வானொலி மங்கும், அவ்வளவுதான். கூடவே கிளம்பிய பிளாஸ்மா மேகங்கள், அதாவது சிஎம்இக்கள், வந்துசேர இரண்டு நாள் அளவில் பிடித்தது. மே 10 அன்று அவை மோதிய பிறகே புவிக்காந்தப் புயல் கிளம்பியது. 2003 அக்டோபருக்குப் பிறகு முதன்முறையாக ஜி5 அளவை, அதாவது புயல் அளவுகோலின் உச்சத்தை, தொட்டது. அன்றிரவு லடாக்கின் ஹான்லேயில்கூட அடிவானத்தை ஒட்டி வானம் துருவ ஒளியால் சிவந்தது.

ஆகவே 'புயல்' இந்தக் கடைசி நிகழ்வுக்கு மட்டும் இருக்கட்டும்.

> ஃபிளேருக்குத் 'தீப்பிழம்பு' போதாதா?

அங்கே எதுவும் எரியவில்லை. முறுக்கேறிய காந்தப்புலக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது வெளிப்படும் ஆற்றல் அது. அதைக்கூட விட்டுவிடலாம். முழுக் கிரகணத்தில் நிலவின் விளிம்பில் செந்நிறமாகத் தெரிகிற புராமினன்ஸையும் (சூரியனிலிருந்து எழும் வாயு வளைவு) தீப்பிழம்பு என்றுதானே எழுதுகிறோம்? அது வாரக்கணக்கில்கூட நிற்கும். ஃபிளேரோ சட்டென்று உச்சம் தொட்டு அடங்குவது. 1859 செப்டம்பர் 1 அன்று கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்த ஆங்கிலேய வானியலாளர் கேரிங்டன் கண்ட வெண்ணொளி ஐந்தே நிமிடத்தில் மறைந்தது. புயல் வந்தது பதினேழரை மணி நேரம் கழித்து.

என் முன்மொழிவு: கதிர்வெட்டு. மின்னல் வெட்டுகிறது என்கிறோமே, அந்த வெட்டு. வினையாகவும் புழங்கும்: "நேற்று எக்ஸ் வகையில் கதிர் வெட்டியது." மின்வெட்டு நினைவுக்கு வருமே என்று யாராவது கேட்பீர்கள். வந்தால் வரட்டும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கில் ஒன்பது மணி நேரம் மின்சாரம் போனதுண்டு, ஆனால் அந்தப் பழி புயலுக்குத்தான்.

சிஎம்இக்கு 'ஒளிமகுடப் பொருண்மை வெளியேற்றம்' பாடநூலில் இருந்துவிட்டுப் போகட்டும். கைப்பேசிக்கு வரும் அவசர அறிவிப்பில் அதை யார் படிப்பார்கள்? 'மகுட உமிழ்வு' என்று சுருக்கிவிடலாம்; மகுடம் என்பது சூரியனின் வெளி வளிமண்டலம்.

அப்புறம், இதுவரை யாரும் எடுக்காத ஒன்று: பிஇசட், அதாவது காந்தப்புலம் வடக்கு நோக்கியதா தெற்கு நோக்கியதா என்று காட்டும் அளவு. மகுட உமிழ்வு நேராக வந்து மோதினாலும், அதன் காந்தப்புலம் வடக்கு நோக்கியே இருந்தால் வானம் பெரும்பாலும் சும்மா கிடக்கும். தெற்கே திரும்பினால்தான் புவியின் புலத்தோடு பிணைந்து ஆற்றலை உள்ளே விடும். புவியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் எல்1 புள்ளியில் நிற்கும் விண்கலங்கள் இதை அளந்து சொன்னபின் நமக்குக் கிடைப்பது அதிகம் போனால் ஒரு மணி நேரம். அனுபவப்பட்ட பார்வையாளர்கள் கேபி எண்ணை (புயலின் வலிமையைக் காட்டும் எண்) ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பிஇசட் கோட்டையே வெறித்துக்கொண்டிருப்பார்கள். "பிஇசட் எதிர்மறையானது" என்பதற்குப் பதில் "புலம் தென்முகமாயிற்று" எனலாமா? எதிர்ப்பக்கத்துக்கு வடமுகம். மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.