மேத்யூ பாரிஸ் சொல்லும் அரண்மனைச் செய்திகளை எவ்வளவு நம்பலாம்?

சுவடிப்பித்தன்:
இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றி பற்றி எதைப் படித்தாலும் கடைசியில் மேத்யூ பாரிஸிடம்தான் வந்து நிற்கிறது. மனிதர் அரண்மனையில் வேலை பார்த்தவரே இல்லை, 1217இல் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் சேர்ந்து 1259 வாக்கில் இறக்கும்வரை துறவி. ஆனால் தன் வரலாற்று நூலில் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்ட மாதிரி லத்தீனில் எழுதுகிறார். 1258 ஜூலையில் ராஜா தேம்ஸில் படகில் போகும்போது இடி மின்னல், கரை ஒதுங்கினால் அது ராஜாவை எதிர்த்த பிரபுக்களில் ஒருவரான சைமன் டி மான்ட்ஃபோர்ட் தங்கியிருந்த வீடு. புயல்தான் ஓய்ந்துவிட்டதே, இனி என்ன பயம் என்று சைமன் கேட்க, உலகத்து இடி மின்னல் எல்லாவற்றையும்விட உன்னைக் கண்டால்தான் எனக்குப் பயம் என்கிறாராம் ராஜா. இதை யார் போய் அவரிடம் சொன்னது?

நெய்தல்:
மடம் இருந்த இடத்தைப் பாருங்கள். லண்டனிலிருந்து வடக்கே போகும் சாலையில், ஒரு நாள் பயணத் தூரம். பிரபுக்கள், ஆயர்கள், ராஜாவின் ஆட்கள் எல்லோரும் அங்கே இரவு தங்குவார்கள், தங்குகிறவர்கள் பேசுவார்கள். ராஜாவின் தம்பி ரிச்சர்டே இவருக்குச் செய்தி சொன்னவர்களில் ஒருவர். ராஜாவும் இவரை அறிவார். 1247 அக்டோபர் 13 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் திருஇரத்த விழா (இயேசுவின் இரத்தம் என்று நம்பப்பட்ட புனிதப் பொருளுக்கான விழா) நடந்தபோது மேத்யூவைக் கூப்பிட்டு அரியணைக்கும் தரைக்கும் நடுவே இருந்த படியில் உட்காரச் சொல்லி, பார்த்ததையெல்லாம் விடாமல் எழுது என்று சொன்னதோடு சாப்பிடவும் அழைத்திருக்கிறார். 1257இல் மடத்தில் ஒரு வாரம் தங்கியபோதும் மேத்யூவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

பழையசோறு:
செய்தி கிடைத்தது சரி, அதை நேர்மையாகச் சொன்னாரா என்பதுதான் என் கவலை. போப்பாண்டவரின் வரி, ராணியோடு வந்த சவாய் நாட்டு உறவினர்கள், 1247இல் பிரான்ஸிலிருந்து வந்திறங்கிய லூசினியன் குடும்பத்தார் (ராஜாவின் தாய் மறுமணத்தில் பெற்ற பிள்ளைகள்) என்றாலே இவருக்கு ஆகாது. ஹென்றியின் அப்பா ஜான் ராஜா போய்ச் சேர்ந்ததால் நரகமே நாறிப்போனது என்கிற அளவுக்கு எழுதுகிற ஆள். அவருடைய நூலில் 1235 வரையிலான பகுதி பெரும்பாலும் அதே மடத்தில் அவருக்கு முன் வரலாறு எழுதிய ரோஜர் வெண்டோவருடையது, அதிலும் தன் கோபத்தை நடுநடுவே செருகியிருக்கிறார். பிற்காலத்தில் ராஜாவைத் திட்டிய சில இடங்களைத் தானே சுரண்டி எடுத்துவிட்டு மேலே சாதுவாக எழுதியும் வைத்தார். இப்படிப்பட்டவரை ஒற்றைச் சாட்சியாக வைத்து நான் எதையும் எழுத மாட்டேன்.

நெய்தல்:
ஒற்றைச் சாட்சி கூடாது என்பதில் எனக்கும் சம்மதம்தான் தோழர், ஆனால் சரிபார்க்க முடிந்த இடங்களைச் சரிபார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பிரெஞ்சு ராஜா லூயி 1255இல் ஹென்றிக்கு யானை அனுப்பினார் என்று எழுதி, எவ்வளவு பெரியது என்று தெரியட்டும் என்பதற்காகப் பாகனையும் சேர்த்து வரைந்திருக்கிறார். லண்டன் கோபுரத்தில் அந்த யானைக்கு 40 அடி நீளம், 20 அடி அகலத்தில் கொட்டில் கட்டச் சொன்ன ராஜாவின் ஆணை அரசுச் சுருள்களில் இருக்கிறது. கடிதங்களையும் சாசனங்களையும் முழுசாகப் படியெடுத்து வைப்பதற்கென்றே தனித் தொகுப்பு போட்டார். பேச்சுகளை மட்டும் நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, அந்தக் காலத்தில் வரலாறு எழுதுகிறவர்கள் பேச்சைத் தாங்களே அமைத்துக் கொடுப்பார்கள்.

அந்த இடி மின்னல் கதையை இப்படிப் பாருங்கள். சைமன் 1264இல் ராஜாவைச் சிறைப்பிடித்ததும், 1265இல் ஈவ்ஷாம் போரில் வெட்டுப்பட்டதும் மேத்யூவுக்குத் தெரியவே தெரியாது, அதற்கு முன்பே இறந்துவிட்டார். முடிவு தெரிந்த பிறகு ஜோடித்ததாக இருக்க முடியாது. ராஜா அந்த வார்த்தையைச் சொன்னாரோ இல்லையோ, சைமனைக் கண்டு ராஜா நடுங்குகிறார் என்ற பேச்சு அப்போதே மடம்வரை வந்துவிட்டது, அது போதும் எனக்கு.

சுவடிப்பித்தன்:
இது எனக்குத் தோன்றவே இல்லை, ரொம்ப நன்றி. அந்த யானைப் படத்தைப் பார்க்க முடியுமா?

பழையசோறு:
கேம்பிரிட்ஜ் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் பார்க்கர் நூலகம் அந்தப் படம் உள்ள மேத்யூவின் சுவடியை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பார்க்கும்போது ஓரங்களையும் விடாதீர்கள், ஒரு பிரபு இறந்தால் அவருடைய கேடயச் சின்னத்தைத் தலைகீழாக வரைந்திருப்பார்.