கூலிக்கு ஆட்டாதே என்றார்கள்

காங்கேயம் பக்கம் மரச்செக்கு போட்டு ஆறு வருடம் ஆகிறது. தொடங்கும்போது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "ஊரார் கொப்பரையைக் கூலிக்கு ஆட்டாதே. நீயே கொப்பரை வாங்கி ஆட்டு, பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டி விற்றுவிடு." மாமாவும், "கூலிக்கு ஆட்டி எந்தக் காலத்துல மாப்ள கடன் அடையறது?" என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரிதான். கரண்ட் பில், ஆள் சம்பளம் போகக் கூலியில் கையில் நிற்பது கொஞ்சம்தான்.

ஆனால் முதல் மாதமே ஒன்றைக் கவனித்தேன். வீட்டுக் கொப்பரையைக் கொண்டுவருகிறவர்கள் அதைப் போட்டுவிட்டுப் போவதில்லை. கடைசிச் சொட்டு வடியும்வரை செக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். கந்தகப் புகை போட்ட கொப்பரை கலந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. கந்தகம் போட்டால் பூஞ்சணம் பிடிக்காது, பார்க்க வெள்ளையாகவும் இருக்கும். இந்த ஊர்க்காரர்களுக்கு அது நன்றாகவே தெரியும். இவர்களிடம் லேபிளைக் காட்டி என்ன பிரயோஜனம்?

அதனால் கூலி ஆட்டுவதை விடவில்லை. உட்கார ஒரு பெஞ்ச் போட்டேன். நல்லெண்ணெய்க்கு எள்ளோடு கருப்பட்டி சேர்ப்பதையும் அவர்கள் கண்முன்னேதான் செய்தேன். காத்திருக்கிறவர்கள் அப்படியே கடலை எண்ணெயும் ஒரு லிட்டர் கேட்க ஆரம்பித்தார்கள். இன்று என் பாட்டில் எண்ணெயை அதிகம் வாங்குவது அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தான்.

முதல் வருட ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஆடிப்போய்விட்டேன். மழையில் கொப்பரை காயவில்லை, ஒருவரும் வரவில்லை. மாமா பேச்சைக் கேட்டிருக்கலாமோ என்று தூக்கமே இல்லை.

—

அண்ணா, நான் மதுரையில் இட்லி மாவு விற்கிறேன். மளிகைக் கடைகளுக்கெல்லாம் போடச் சொல்லி வீட்டில் ஒரே நச்சரிப்பு. நான் சம்மதிக்கவில்லை. கடையில் நாலு மணி நேரம் கரண்ட் போனால் மாவு பொங்கிப் புளித்துவிடும், கெட்ட பெயர் கடைக்காரருக்கு வராது, எனக்குத்தான் வரும். மத்தியானம் ஆட்டுகிறேன், ராத்திரி எட்டுக்குள் விற்றுத் தீர்க்கிறேன். ஆனால் தினமும் வாங்கும் ஒரு பாட்டி, "வெந்தயம் பத்தலைடி" என்றார். அதைக் கேட்டு மறுநாளே கூடப் போட்டேன். தின்றுபார்த்துச் சொல்கிற பேச்சு வேறு, வீட்டில் சும்மா சொல்கிற பேச்சு வேறு.

—

உங்கள் இருவர் கதையையும் படித்ததும் அருண் ஐஸ்கிரீமைத் தொடங்கிய சந்திரமோகனை நினைத்துக்கொண்டேன். 1970இல் 13,000 ரூபாயோடு சென்னை ராயபுரத்தில் தொடங்கியவர். பெரிய கம்பெனிகளோடு சென்னையிலேயே மோதிக்கொண்டிருக்காமல் சின்ன ஊர்களுக்குப் போனார். ஐஸ்கிரீம் என்றால் பட்டணத்துப் பண்டம் என்றிருந்த காலம் அது!

சரி செக்குக்காரத் தம்பி, மழை மாதத்துக்கு இப்போது என்ன செய்கிறீர்கள்?

—

புரட்டாசியிலேயே எள்ளும் கடலையும் வாங்கி அடுக்கிவிடுகிறேன் அண்ணா. தீபாவளிப் பலகாரத்துக்குக் கடலை எண்ணெய் நன்றாகவே ஓடுகிறது. போன வருடம் மாமாவே வீட்டுக் கடலையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆட்டி முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.