அவிழ்த்துவிட்ட வளர்ப்பு நாய்: உங்கள் பக்கம் என்ன நடந்தது?

மண்டபம்காரன்:
பேத்தை மீனின் விஷத்தைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வேதாளையில் என் மச்சான் வீட்டுச் சிப்பிப்பாறை நாய், விடிந்தால் அவிழ்த்துவிடுவார்கள், கரைப்பக்கம் சுற்றிவிட்டு வெயில் ஏறும்போது வந்துவிடும். அன்றைக்குக் கரைவலை இழுத்தவர்கள் பேத்தையைப் பொறுக்கி மணலில் எறிந்திருக்கிறார்கள். நாய் வீடு வந்தபோதே பின்னங்கால் இரண்டும் துவண்டு, எச்சில் ஒழுகத் திண்ணையோரம் சரிந்துவிட்டது. மச்சான் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் மட்டும் அவர் பக்கம் திரும்புகிறது, தலை திரும்பவில்லை, வாலும் அசையவில்லை. அந்தக் கண்தான் இன்னும் மனதில் நிற்கிறது. இந்த விஷத்துக்கு முறிவு மருந்தே கிடையாது, மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்றார் மருத்துவர். நாய்க்கு அந்த வசதிக்கு எங்கே போவது? மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

பாம்பன் வாடைக்காற்று:
நம்ப முடியவில்லை. எங்கள் கரையில் எத்தனை நாய் கிடக்கிறது, ஒன்றுகூடப் பேத்தையில் வாய் வைத்துப் பார்த்ததில்லை, முகர்ந்துவிட்டு ஒதுங்கிவிடும். யாராவது எலி மருந்து வைத்திருப்பார்கள்.

மண்டபம்காரன்:
கரையிலேயே வளர்ந்த நாய் ஒதுங்கும், சரி. ஒதுங்காமல் செத்த குட்டிகளை யார் கணக்கெடுத்தார்கள்? தயிர்ச்சோறு தின்று வளர்ந்த நாய்க்குத் தின்கிற காரல் மீன் எது, பேத்தை எது? அது கக்கியதில் பேத்தையின் தோல் கிடந்ததை நானே பார்த்தேன்.

கீழக்கரை வாசி:
காக்கா (அண்ணே), நாய் செத்தது வருத்தம்தான். நாயால் மற்றவர்கள் படும் பாட்டையும் கொஞ்சம் பேசுங்கள். எங்கள் லாத்தா (அக்கா) ஆடு வளர்க்கிறார், சீமைக்கருவேல முள்ளை வெட்டி அடைத்த பட்டி. ஒரு ராத்திரி மணிச்சத்தம் கேட்டிருக்கிறது. கிடாய் கழுத்து மணிதான் என்று புரண்டு படுத்துவிட்டார். காலையில் பார்த்தால் மூன்று குட்டிகள் குரல்வளை கிழிந்து கிடக்கின்றன, தின்னக்கூட இல்லை, கடித்துப் போட்டிருக்கிறது. அடுத்த தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் சிவப்புப் பட்டையும் மணியும் கட்டிய நாய் படுத்திருந்தது, மோவாயில் ரத்தம் காய்ந்துபோய். வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "எங்கள் டைகர் பால்சோறு மட்டும்தான் சாப்பிடும்." பேசிப் பேசி ஒரு குட்டிக்குத்தான் காசு வந்தது.

உச்சிப்புளி தம்பி:
தனுஷ்கோடிப் பக்கம் நான் பார்த்தது. பங்குனி ஆமை என்கிற கடல் ஆமை முட்டையிட்ட குழியை, வனத்துறை ஆட்கள் வந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பதற்குள் ஒரு நாய் தோண்டிவிட்டது. தெருநாய் இல்லை, கழுத்தில் பட்டை இருந்தது. விரட்டினால் முறைக்கிறது, மூக்கெல்லாம் மணலும் மஞ்சள் கருவும்.

தேவிபட்டினம் வாத்தியார்:
என் பேரனைப் பக்கத்து வீட்டு நாய் கணுக்காலில் கடித்தது. "வீட்டு நாய்தானே, பயப்படாதீர்கள்" என்றார்கள். நாள் முழுக்கத் தெருநாய்களோடு புரளுகிற நாய் என்ன வீட்டு நாய்? எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: கடித்த இடத்தை உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் போடும் ஊசி என்றால் முதல் ஊசி அன்றைக்கே, அந்த நாளைப் பூஜ்யமாக வைத்து எண்ணி அப்புறம் 3, 7, 28ஆம் நாட்கள். வலி போய்விட்டது என்று நடுவில் நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள், நிறுத்தக் கூடாது. ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும், அவர்கள் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. நாய்க்கு வருடா வருடம் தடுப்பூசி, கருத்தடை, காலை மாலை கயிற்றோடு நடை. கயிறு இரண்டு முழம் போதும், நீளமாக இருந்தால் சைக்கிள் சக்கரத்தில் மாட்டும். மழைக்காலத்தில் உண்ணி பார்க்க வேண்டும், காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும்...

பாம்பன் வாடைக்காற்று:
வாத்தியாரே, பேரனுக்கு என்ன ஆச்சு என்று சொல்லவே இல்லையே?

தேவிபட்டினம் வாத்தியார்:
நன்றாக இருக்கிறான், எல்லா ஊசியும் போட்டாச்சு. அந்த நாயை இன்னும் கட்டவில்லை. இப்போதுகூட எங்கள் வாசலில்தான் படுத்திருக்கிறது.