எங்கள் ஊர் கிராமமா, டவுனா? மச்சானுக்குப் பதில் சொல்ல வேண்டும்

கரிசல்காட்டான் (கொழிஞ்சாம்பாறை):

கேட்டால் சிரிப்பீர்கள், இருந்தாலும் கேட்கிறேன். போன வாரம் ஒரு சீருக்காகத் தமிழ்நாட்டுப் பக்கம் ஆனைமலை போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது என் மச்சான், "என்ன இருந்தாலும் உங்களது கிராமப் பஞ்சாயத்துதானே மாப்ளே, எங்களது பேரூராட்சி" என்று சொல்லிவிட்டார். கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்து எல்லையில் பஸ் ஸ்டாண்டு, கடைவீதி, பேங்க் எல்லாம் இருக்கிற ஊர் எங்களது, போர்டில் மட்டும் கிராமப் பஞ்சாயத்து. இதை யார் முடிவு செய்கிறார்கள், ஜனத்தொகையை வைத்தா, வருமானத்தை வைத்தா? மனு கொடுத்தால் பேரூராட்சி ஆக்குவார்களா?

சென்சஸ் வாத்தியார்:

தம்பி, கேரளத்தில் பேரூராட்சி என்று ஒன்றே கிடையாது, யாரிடம் மனு கொடுப்பீர்கள்? அங்கே கிராமப் பஞ்சாயத்து, அதற்கு மேல் போனால் நேராக நகராட்சிதான். நடுவில் படியே இல்லை. தமிழ்நாட்டில்தான் சுமார் 490 பேரூராட்சிகள். உங்கள் பஞ்சாயத்தும் எங்கள் ஊராட்சியும் ஒரே அளவு என்று நினைத்தால் அதுவும் தப்பு. இங்கே ஊராட்சிகள் சுமார் 12,500, கணக்குப் போட்டால் ஒன்றுக்கு மூவாயிரம் பேர்தான் வரும். மொத்தக் கேரளத்துக்கும் 941 கிராமப் பஞ்சாயத்துகள்தான், ஆகவே இருபதாயிரம் பேருக்கு மேல் இருப்பது அங்கே சாதாரணம். பெயர்தான் ஒன்று, உருப்படி வேறு.

சென்சஸ்காரன் கணக்கு தனி. ஐயாயிரம் பேர் இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வேண்டும், ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலை பார்க்க வேண்டும். இந்த மூன்றும் தேறினால், போர்டில் கிராமம் என்று இருந்தாலும் அவன் நகரம் என்றுதான் எழுதுவான். கேரளத்தில் இப்படிப்பட்ட ஊர்கள் 2001இல் 99, 2011இல் 461. பத்து வருஷத்தில் யாரும் கட்டடம் கட்டிக் குவித்துவிடவில்லை, ஜனங்கள் வயலை விட்டு வேறு வேலைக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

செங்கோட்டைக்காரன்:

வாத்தியார் சொன்னதற்கு எங்கள் ஊரே சாட்சி. 2011 கணக்கில் சுமார் 27,000 பேர், ஆனால் நகராட்சி! 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். திருவிதாங்கூரின் சங்கு முத்திரை போட்ட வளைவு இன்னமும் ரோட்டில் நிற்கிறது. நாங்கள் அந்தப் பக்கமே இருந்திருந்தால், இதே ஜனத்தொகைக்கு யார் கண்டார்கள், கிராமப் பஞ்சாயத்து போர்டுதான் மாட்டியிருப்பார்களோ என்னவோ. கோடு போட்டவன் எந்தப் பக்கம் போட்டானோ அதுதான் ஊரின் தலையெழுத்து.

வேலந்தாவளம் அக்கா:

கௌரவத்தை விடுங்கள் தம்பி, கைக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். ஊர் நகராட்சியாகிவிட்டால் தொழிலுறப்பு, அதாவது நூறு நாள் வேலை, போய்விடும், ஏனென்றால் அது கிராமப் பகுதிக்கு மட்டும்தான். நகராட்சிக்காரர்களுக்கு அய்யன்காளி பெயரில் வேறு திட்டம் இருக்கிறது, அது மாநில அரசின் காசு. உங்கள் மச்சான் ஊரில் இந்த நூறு நாள் வேலை கிடையாது, அதையும் பந்தியிலேயே கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம், பஞ்சாயத்து என்றால் சின்னது என்று யார் சொன்னது? 1996இல் வந்த ஜனகீயாசூத்திரணம் என்கிற மக்கள் திட்டத்துக்குப் பிறகு ரோடு, குடிநீர், அங்கன்வாடி என்று எல்லாவற்றிலும் பஞ்சாயத்தின் கை இருக்கிறது. நம் பக்கத்து பெருமாட்டி பஞ்சாயத்தை மறந்துவிட்டீர்களா? பிளாச்சிமடையில் கோக்கோ கோலா ஆலைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று 2003இல் சொன்னது ஒரு கிராமப் பஞ்சாயத்து. கோர்ட்டு கேஸ் என்று இழுத்தடித்தது, தீர்ப்பு எல்லாம் பஞ்சாயத்துக்குச் சாதகமாக வரவில்லை என்பதும் உண்மைதான், ஆனால் 2004 மார்ச்சில் நின்ற ஆலை திரும்ப ஓடவில்லை. எந்தப் பேரூராட்சி இப்படிச் செய்திருக்கிறது, சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு குறை மட்டும் எனக்கு உண்டு. ஊராட்சித் தலைவரைத் தமிழ்நாட்டில் ஜனங்களே நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், நம் பிரசிடெண்டை மெம்பர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். யார் பிரசிடெண்ட் என்று ஓட்டுப் போடும்போது நமக்கே தெரியாது.

சென்சஸ் வாத்தியார்:

அக்கா, பேரூராட்சித் தலைவரையும் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், அதில் மச்சானுக்கும் பெருமை பேச ஒன்றுமில்லை.

கரிசல்காட்டான் (கொழிஞ்சாம்பாறை):

எல்லாருக்கும் நன்றி. கேரளம் என்றாலே மழையும் பச்சையும் என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் தாலுகாவின் கரிசல் மண்ணையும் காய்ந்த கிணற்றையும் காட்ட வேண்டும். சித்தூர் அந்தக் காலத்தில் கொச்சி ராஜாவின் பூமி, சுற்றிலும் மதராஸ் மாகாணம், அப்போதும் நாங்கள் ஓரத்தில்தான் இருந்தோம். அரசு ஆபீஸில் மனுவைத் தமிழில் எழுதிக் கொடுக்க கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டமே இடம் தருகிறது என்று எங்கள் அப்பா அடிக்கடி சொல்வார். கொடுத்தால் மலையாளத்தில் பதில் வரும், அது வேறு கதை.

அக்கா எழுதியதை அப்படியே மச்சானுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் சத்தமில்லை. அப்புறம் பதில் வந்தது: "சரி மாப்ளே, ஒத்துக்கிறேன். ஆனால் எல்லையில் மணக்கடவு அணைக்கட்டில் வருஷத்துக்கு ஏழேகால் டிஎம்சி ஆழியாற்றுத் தண்ணீர் உங்களுக்கு வருகிறதே, அது எங்க ஊரைத் தாண்டித்தான் வருது."

இதற்கு யாரிடமாவது பதில் இருக்கிறதா?

வேலந்தாவளம் அக்கா:

இருக்கிறது. அந்தத் தண்ணீரில் விளைந்த தென்னையின் கள்ளுக்கு அவர் எந்தப் பக்கம் வருகிறார் என்று கேளுங்கள்.