எலும்பில் பொருத்திய காலோடு பத்துமலை ஏறலாமா?

செந்தூல்காரன்:
அப்பாவுக்கு வலது காலை முட்டிக்கு மேலே எடுத்தாச்சு. செயற்கைக் காலில் மீதித் தொடையை நுழைக்கும் கிண்ணம் வியர்வையில் வழுக்கி, தோல் புண்ணாகுது. எலும்பிலேயே கம்பி பதித்துக் காலைப் பொருத்தினால் பத்துமலையின் 272 படி ஏறுவாரா?

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்:
தம்பி, எனக்கு அதுதான். எடை தோலை அழுத்தாமல் நேரே தொடை எலும்புக்குப் போகும். தரை கல்லா மண்ணா என்று அதிர்விலேயே தெரியும். கிண்ணம் இல்லாததால் மாமாக் கடை நாற்காலியில் இடுப்பில் எதுவும் குத்தாது. அந்த நிம்மதியைச் சொல்லி மாளாது! படி ஏற நல்ல கால் முதலில், இறங்க செயற்கைக் கால் முதலில்.

கிள்ளான் அக்கா:
கால் முறுக்கிக்கொள்வதுதான் பயம். பாதம் சிக்கி உடம்பு திரும்பினால் எலும்பே உடையலாம். அதற்கு, முறுக்கு கூடினால் தானே விடுபடும் பூட்டு உண்டு. கம்பி வெளிவரும் இடத்துத் தோலைத் தினமும் கழுவணும்.

செந்தூல்காரன்:
நன்றிக்கா, அப்பாவிடம் காட்டுறேன்.