கஜாவின் கண்ணுக்குள் அரை மணி நேரம்

2018 நவம்பர் 15, கஜா புயல் வந்த இரவு. வேதாரண்யத்துக்கு வடக்கே, கடலுக்கு நடந்தே போய்விடும் தொலைவில் எங்கள் வீடு. மாலையிலேயே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். அரிக்கேன் விளக்கின் பெயருக்குள்ளேயே புயல் இருக்கிறது என்று நான் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

நள்ளிரவு தாண்டியதும் வாடை, அதாவது வடகாற்று, வெறிகொண்டு கொல்லைக்குள் புகுந்தது. தென்னை முறிந்தால் வெடி போட்டதுபோல் கேட்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. பதினொன்று வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.

திடீரென்று எல்லாம் ஓய்ந்தது. கூரையிலிருந்து சொட்டும் நீர் மட்டும் கேட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினேன். மேகம் கிழிந்த இடத்தில் இரண்டு நட்சத்திரங்கள். அப்பாயி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்: “உள்ளே வா தம்பி. இது பாதிதான். எழுபத்தேழிலும் இப்படித்தான் ஏமாற்றியது.” அரை மணி நேரம் கழித்துத் தெற்கிலிருந்து அடித்தது. வாடைக்குத் தாக்குப்பிடித்த மரங்களை அது பார்த்துக்கொண்டது.

விடிந்து பார்த்தால் தோப்பில் பாதி மரங்கள் தெற்கே தலைவைத்தும் மீதி வடக்கே தலைவைத்தும் கிடந்தன. எனக்கு இழப்பைவிட அந்த ஒழுங்குதான் உறுத்தியது. அதன் பிறகுதான் தேடித்தேடிப் படித்தேன்.

கடலின் மேற்பரப்பு 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டுமாம், அதுவும் ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம் வரை. அங்கிருந்து எழும் ஈரக்காற்று மேலே போய்க் குளிர்ந்து மேகமாகும்போது, ஆவியானபோது வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அந்த வெப்பத்தால் காற்று இன்னும் மேலே ஏறும். கீழே அழுத்தம் குறையும். சுற்றியுள்ள காற்று உள்ளே ஓடி வரும். ஆனால் இடிமேகங்கள் மட்டும் போதாது. அவை கூடுவதற்கு முன்பே அங்கே ஒரு தளர்ந்த சுழல் இருக்க வேண்டும். கஜாவின் மூலச் சுழல் தாய்லாந்து வளைகுடாப் பக்கத்திலிருந்து மலாய் தீபகற்பத்தைக் கடந்து வந்தது. ஒவ்வோர் இடிமேகமும் தன்னளவில் ஒரு சிறு சுழலை உண்டாக்க, அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய சுழலுக்குள் கரைகின்றன. கல் கட்டிய கயிறு விரலில் சுற்றிக்கொள்ளும்போது சுற்று விரைவாவதைச் சிறுவயதில் பார்த்திருப்போம். மையத்தை நெருங்கும் காற்றுக்கும் ஏறக்குறைய அதே கதைதான். மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால் தாழ்வு மண்டலத்துக்குப் ‘புயல்’ என்ற பட்டம். பெரும்பாலான தாழ்வுப் பகுதிகள் அதுவரை வருவதில்லை. மேலே ஒரு திசை, கீழே ஒரு திசை என்று காற்று வீசினாலோ, வறண்ட காற்று புகுந்தாலோ கலைந்துவிடும்.

அவ்வளவு வேகமாகச் சுழலும் காற்றால் நடுமையத்துக்குப் போக முடியாது. புயலின் நடுவே அமைதியாக இருக்கும் ‘கண்’ணின் விளிம்பிலேயே மேலேறிவிடும். நடுவில் காற்று மெல்லக் கீழிறங்கி, சூடாகி, மேகத்தைக் கலைக்கிறது. நான் பார்த்த நட்சத்திரங்களுக்குக் காரணம் அதுதான். பூமியின் நம் பாதியில் சுழல் இடஞ்சுழி. மேற்கு நோக்கி வரும் புயலின் முன்பக்கம் வாடை, பின்பக்கம் தென்காற்று. தோப்பு அதைத்தான் எழுதிக் காட்டியிருந்தது.

படித்ததில் ஒன்று மட்டும் இன்னும் மனத்தை அரிக்கிறது. காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் மையம் இடக்கைப் பக்கம் இருக்கும். காற்று வலுத்துக்கொண்டே போயும் திசை மாறவில்லை என்றால், புயல் நேராக நம்மை நோக்கித்தான் வருகிறது. அன்று மாலை முதல் வாடை ஓர் அங்குலம்கூடத் திரும்பவில்லை. நானோ மரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.