ஷெர்லாக் சீசன் 5 வரணுமா, இல்ல 2017-லயே முடிஞ்சதுன்னு விட்டுடலாமா?

இரவுரயில்:
மக்களே, ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகள இந்தக் கால லண்டனுக்கு மாத்தி எடுத்த பிபிசி தொடர் ஷெர்லாக் பத்திதான். கடைசி எபிசோட் வந்தது 2017 ஜனவரி 15. அதுக்கப்புறம் ஷெர்லாக்கா நடிச்ச கம்பர்பாட்ச்சோ, அவன் நண்பன் வாட்சனா நடிச்ச ஃப்ரீமேனோ, தொடர உருவாக்கின மொஃபட்டோ கேட்டிஸோ ஏதாவது பேட்டில வாயத் திறந்தா போதும், சீசன் 5 வருதாம்னு கிளம்பிடுது, ரெண்டு நாள்ல அடங்கிடுது. நான் இன்னும் காத்திருக்கற கட்சி. ஸ்பெஷலையும் சேத்து மொத்தமே 13 எபிசோட்தான், ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம், அத திரும்பத் திரும்ப பாத்தே இத்தன வருஷம் ஓட்டிட்டோம். இன்னும் ஒரு மூணு எபிசோட் வரணும்னு கேக்கறது பேராசையா? வேணும்னாலும் வேண்டாம்னாலும் காரணத்தோட சொல்லுங்க. நாலு சீசனும் முடிக்காதவங்க இதோட நிறுத்திக்கோங்க, கீழ எல்லாம் ஸ்பாய்லர்.

கேள்விக்குறி:
வேண்டாம் ப்ரோ. சீசன் 4 முதல் எபிசோட எடுத்துக்கோங்க. ஹோம்ஸ் கதைகள எழுதின டாயிலோட மூலக்கதைல ஒருத்தன் நெப்போலியன் சிலைகளா தேடித்தேடி உடைப்பான், கடைசில ஒரு சிலைக்குள்ள போர்ஜியா குடும்பத்தோட கருப்பு முத்து இருக்கும். இங்க நெப்போலியனுக்கு பதிலா பழைய பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் சிலை, அருமையான ஐடியா. ஷெர்லாக்கும் முத்துதான் இருக்கும்னு சிலைய உடைக்கறான், உள்ள பாத்தா வாட்சன் மனைவி மேரியோட பழைய வாழ்க்கை அடங்கின பென்டிரைவ்! அந்த நிமிஷத்துலயே கேஸ் செத்துப்போச்சு. அங்கேர்ந்து உளவாளி, பழிவாங்கல், அப்புறம் திடீர்னு ஷெர்லாக்குக்கு யாருக்குமே தெரியாத ஒரு தங்கச்சி, தீவுல ஜெயில், அவன் வீடு 221பி வெடிக்குது... துப்பறியும் கதை எங்க போச்சு?

பனித்துளி:
அந்த பென்டிரைவ் சீனதான் நான் கொண்டாடறேன் கேள்விக்குறி. கதை படிச்சவங்க முத்துன்னு நினைப்பாங்க, ஷெர்லாக்கும் அப்படியே நினைக்கறான், ரெண்டு பேரும் ஒரே இடத்துல ஏமாறோம். அந்த எபிசோட் முழுக்க அவனோட திமிர பத்தினதுதானே. லண்டன் அக்வேரியத்துல அந்த நார்பரி அம்மாவ தேவையில்லாம சீண்டறான், அவங்க சுடறாங்க, குறுக்க வந்து மேரி சாகறா. அப்புறம் கீழ் வீட்டுக்காரம்மா மிஸஸ் ஹட்சன்கிட்ட, நான் ரொம்ப ஓவரா போனா நார்பரின்னு மட்டும் சொல்லுங்கன்னு கேக்கறான். டாயில்ல இது 1893-ல வந்த மஞ்சள் முகம் கதையோட முடிவு, அங்க ஹோம்ஸ் வாட்சன்கிட்ட இதையே கேப்பான். ஆனா மூலக்கதைல யாரும் சாகல, அவன் ஊகம் தப்பாச்சு, அவ்ளோதான். அந்தக் கதைல நார்பரி ஒரு ஊரு, இங்க அந்தப் பேர ஒரு கொலைகாரிக்கு வச்சு, தப்புக்கு ஒரு உயிர விலையா வச்சாங்க. டாயில இவ்ளோ ஆழமா படிச்சவங்க எழுதினா சீசன் 5 கண்டிப்பா வேணும்.

கேள்விக்குறி:
படிச்சிருக்காங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, அதனாலதான் வயித்தெரிச்சல். அதே எபிசோட் ஆரம்பத்துல ஒரு கேஸ் வரும் ஞாபகம் இருக்கா? பையன் திபெத்துல இருக்கான்னு வீட்ல எல்லாரும் நம்பிட்டு இருக்காங்க, ஆனா வீட்டு வாசல்ல நிக்கற கார்லயே ஒரு வாரமா பிணமா இருந்திருக்கான், யார் கண்ணுலயும் படல. அது ஒண்ண வச்சே முழு ஒன்றரை மணி நேரம் ஓட்டலாம்ங்க, ஷெர்லாக் வந்தான், மேஜையப் பாத்தான், சில நிமிஷத்துல முடிச்சிட்டு கிளம்பிட்டான். நல்ல கேஸ தூக்கிப் போட்டுட்டு குடும்ப சோகத்துக்கு நேரம் ஒதுக்கறாங்க. அதே ஆளுங்க திரும்பி வந்தா அதையேதான் செய்வாங்க.

நூலகப்பூனை:
கேள்விக்குறி சொன்ன நோய் உண்மை, ஆனா மருந்து தொடர நிறுத்தறது இல்ல. முதல் எபிசோட்ல வாட்சனோட ஃபோன ஷெர்லாக் கையில வாங்கறத மறுபடி போட்டுப் பாருங்க. சார்ஜர் சொருகற ஓட்டையச் சுத்தி கீறல், ராத்திரி குடிச்சிட்டு கை நடுங்கிட்டே சொருகியிருக்கான்னு சொல்லுவான். 1890-ல வந்த நாலாம் கையெழுத்து நாவல்ல இது பாக்கெட் வாட்ச், சாவி குடுக்கற ஓட்டையச் சுத்தி கீறல், அதே குடிகாரக் கை. ஒரு பொருள மட்டும் மாத்தி 120 வருஷத்த தாண்டிட்டாங்க. அதோட விடாம, அண்ணன்னு நினைச்சது அக்கான்னு ஒரு இடத்துல ஷெர்லாக்குக்கே ஆப்பு வைப்பாங்க, நூல்ல அது அண்ணன்தான். எனக்கு வேண்டியது இந்த வேலைதான், தங்கச்சி பாசம் இல்ல.

இன்னும் எவ்ளோ கதை மிச்சம் இருக்கு தெரியுமா! டாயில் எழுதினது 4 நாவல் 56 சிறுகதை. செந்தலையர் சங்கம் கதை முழு எபிசோடா வரவே இல்ல. அதுல அடகுக்கடைக்காரருக்கு வாரம் நாலு பவுண்டு சம்பளம், தினம் பத்துலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் ஆபீஸ்ல உக்காந்து என்சைக்ளோபீடியாவ பாத்து எழுதணும். அவர கடையிலேர்ந்து நகத்தறதுக்கான போலி வேலை அது, அந்த நேரத்துல கடை அடியிலேர்ந்து பேங்குக்கு சுரங்கம் தோண்டறாங்க. இப்ப எடுத்தா எப்படி எடுக்கலாம்னு யோசிச்சேன்: ஊரே வீட்டிலேர்ந்து வேலை பாக்கற காலத்துல ஒரு கம்பெனி மட்டும் தினம் நாலு மணி நேரம் நேர்ல வந்தே ஆகணும்னு அடம் பிடிக்குது, செய்யற வேலைக்கு அர்த்தமே இல்ல, சம்பளம் மட்டும் டான்னு வருது. ஷெர்லாக் கேக்க வேண்டிய முதல் கேள்வியே, அந்த நாலு மணி நேரம் உன் வீட்ல யார் இருக்கான்னுதான்.

இரவுரயில்:
பூனை, இத எழுதி அவங்களுக்கே அனுப்புங்க. உண்மையா சொல்றேன், இது வந்தா நான் முதல் ஆளா உக்காருவேன்.

கடைசிபெஞ்ச்:
கேஸ் எல்லாம் சரி, ஆளுங்க எங்க? மிஸஸ் ஹட்சனா நடிச்ச ஊனா ஸ்டப்ஸ் 2021 ஆகஸ்ட்ல 84 வயசுல இறந்துட்டாங்க. அந்த சிவப்பு ஆஸ்டன் மார்ட்டின ஓட்டிட்டு, ஷெர்லாக்க கார் டிக்கில அடைச்சு கொண்டு வந்து இறக்குவாங்களே, அந்த அம்மா இல்லாத 221பி வாசலப் பாக்க எனக்கு மனசு வரல. வேற யாரையாவது அந்தப் பாத்திரத்துல போட்டா டிவிய ஆஃப் பண்ணிடுவேன். மேரியும் இல்ல, வில்லன் மோரியார்டியும் செத்தாச்சு. முடிஞ்சது முடிஞ்சதா இருக்கட்டும்.

பனித்துளி:
அவங்க இடத்துல வேற யாரும் வேண்டாம் கடைசிபெஞ்ச், அதுல உங்க கட்சிதான் நானும். ஆனா அந்த இல்லாமையே கதையா இருக்கலாமே. டாயிலும் ஹோம்ஸ இளைஞனாவே விட்டுடல, 1917-ல வந்த கடைசி வணக்கம் கதைல அவனுக்கு அறுபது வயசு, சசெக்ஸ்ல தேனீ வளத்துட்டு இருந்தவன் முதல் உலகப்போர் தொடங்கற நேரத்துல ஒரு ஜெர்மன் உளவாளிய பிடிக்க வருவான், வாட்சனும் கூட நிப்பார். 2010-ல ஆரம்பிச்சப்ப கம்பர்பாட்ச்சுக்கு 34 வயசு, இப்ப ஐம்பது ஒட்டி. காதோரம் நரைச்ச ஷெர்லாக், வளந்த பொண்ணோட வாட்சன், காலியா இருக்கற கீழ் வீடு. இத்தன வருஷ இடைவெளிய மறைக்க வேண்டாம், அதையே எழுதட்டும்.

கேள்விக்குறி:
நரைச்ச ஷெர்லாக்கும் பூனையோட கேஸும் சேந்து வந்தா பாக்கறேன், மறுக்கல. ஆனா 2012-ல மாடிலேர்ந்து குதிச்சான், எப்படி பொழைச்சான்னு ரெண்டு வருஷம் மண்டைய ஒடைச்சோம், 2014-ல மூணு விதமா காட்டிட்டு எது நிஜம்னு உறுதியா சொல்லாம போனாங்க. அப்புறம் மோரியார்டி திரும்பி வந்துட்டான்னு சீசன் 3 கடைசில நாடு பூரா டிவில மூஞ்சியக் காட்டி மூணு வருஷம் இழுத்தாங்க, கடைசில அது பழைய வீடியோ. ரெண்டு தடவ இப்படி ஆனப்புறம் எனக்கு முடிவு வெளிப்படையா எழுதின கதை வேணும்.

நூலகப்பூனை:
அப்ப நாம ரெண்டு பேரும் கேக்கறது ஒண்ணுதான், நீங்க அத வேண்டாம்னு சொல்லிக் கேக்கறீங்க.

கேள்விக்குறி:
இல்ல, வித்தியாசம் இருக்கு. நீங்க அவங்க எது குடுத்தாலும் பாப்பீங்க. நான் முதல் எபிசோட்ல கேஸ் எத்தன நிமிஷம் தாக்குப் பிடிக்குதுன்னு பாத்துட்டுதான் ரெண்டாவத போடுவேன்.